கறவை நேரம்

"பனி தள்ளுற வண்டி வாங்கினீங்களே, கொட்டகை வாசல் எவ்வளவு அகலம்னு யாராவது அளந்து பார்த்தீங்களா?"

வக்கீல் ஃபிரேசர் கேட்டதும் முன்வரிசை குலுங்கிச் சிரித்தது. ஓய்வுபெற்ற பேராசிரியர்கள், டாக்டர்கள், ஏரிக்கரையில் வீடு கட்டிக் குடியேறியவர்கள் எல்லாம் அங்கேதான். சேற்று பூட்ஸோடு பின்வரிசையில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை. அந்த வண்டிக்குப் போன வருஷம் கை தூக்கியவர்களே அவர்கள்தான்.

பின்வரிசையிலிருந்து பண்ணைக்காரர் ஆல்டன் எழுந்தார்.

"அளக்காம வாங்கினது நாங்கதாங்க, ஒத்துக்கறோம். அப்புறம் ஞாயித்துக்கிழமை சுத்தியலோட வந்து வாசலை இடிச்சு அகலமாக் கட்டினதும் நாங்கதான். தப்புன்னாலும் எங்க தப்பு. அதைத் திருத்தற கையும் எங்க கை!"

பின்வரிசை தரையை உதைத்து ஆர்ப்பரித்தது. பக்கத்தில் இருந்த மெர்ல் அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். "போட்டியே ஒரு போடு!"

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை ஊரே இந்தக் கூடத்தில் கூடும். சாலைக்கு என்ன, பள்ளிக்கூடத்துக்கு என்ன என்று பேசிச் சண்டை போட்டு முடிவெடுக்கும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் அது தொன்றுதொட்டு வந்த உரிமை. இன்றைக்கு வந்திருப்பது அந்த உரிமைக்கே உலை. 'ஊர்க்கூட்டம் தொடர வேண்டுமா?' என்பதுதான் கேள்வி. பாதிக்கு மேல் 'ஆம்' என்றால் தொடரும். சமமாக வந்தாலும் போச்சு. அதன்பிறகு, படித்த ஐந்து பேர் கொண்ட குழு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்.

குழு யோசனை நீதிபதி கான்ஸ்டன்ஸுடையது. ஆல்டனின் அடுத்த பண்ணையில் பிறந்து, பாஸ்டனில் சட்டம் படித்து, நீதிபதியாகி, ஓய்வுபெற்றுத் திரும்பியவர். காலையில் அவர் பேச்சில் அனல் பறந்தது. "நெஞ்சு வலின்னா ஊரைக் கூட்டியா ஓட்டெடுக்கறீங்க? டாக்டர்கிட்டத்தானே ஓடறீங்க?" என்று கேட்டபோது பின்வரிசையிலேயே சிலர் தலையாட்டினார்கள். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய நாற்காலி காலியாகக் கிடந்தது.

"தோத்துடுவோம்னு பயந்து ஓடிட்டா," என்றார் மெர்ல். "சின்ன வயசுல நம்மகூட மாடு கறந்தவ. கறுப்பு அங்கி மாட்டினதும் ஆளே மாறிட்டா பாரு!"

ஃபிரேசர் மட்டும் ஓயவில்லை. சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இந்த மனுஷன் எதுக்கு இப்படி ஜவ்வா இழுக்கறான்?" என்று ஆல்டன் முனகினார்.

"மணியைப் பாருடா, மடையா. கறவை நேரம் ஆகுதுல்ல! நாம எழுந்து போனதும் ஓட்டுக்கு விடுவான்," என்றார் மெர்ல்.

ஆல்டனுக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குள் இரண்டு பண்ணைக்காரர்கள் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? நேரம் தவறினால் மடி கனத்துப்போகும். வாயில்லா ஜீவன், வலியில் கதறும். ஆல்டனின் தொழுவத்தில் நாற்பது மாடுகள். வீட்டில் மனைவி லொரெட்டா காலில் மாவுக்கட்டோடு கிடக்கிறாள். போனால் ஊர்க்கூட்டம் போச்சு, இருந்தால் மாடுகள் போச்சு. தொப்பியைக் கையில் எடுத்தார்.

போன் அடித்தது.

"கிளம்பிட்டீங்களா?" லொரெட்டாதான்.

"இதோ வந்துட்டேன்..."

"வர வேண்டாம். கறக்க ஆள் வந்தாச்சு. இருந்து ஓட்டுப் போட்டுட்டு வாங்க."

"யாரு?"

"அதைச் சொல்லக் கூடாதாம்!" சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

ஆல்டன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலி கிறீச்சிட மறுபடி உட்கார்ந்தார். அதைப் பார்த்ததும் ஃபிரேசருக்குப் பேச்சு குழறியது. இனி எத்தனை நேரம்தான் இழுப்பது? ஓட்டெடுப்பு தொடங்கியது. ஒவ்வொரு பக்கமாக எழுந்து நிற்க, தலைகளை எண்ணினார்கள்.

"ஆம், அறுபத்திரண்டு. இல்லை, அறுபத்தொன்று. ஊர்க்கூட்டம் தொடரும்!"

கூடமே அதிர்ந்தது. மெர்ல் அழுதேவிட்டார். இந்த ஊரில் பிறந்ததற்கு இன்றைக்குச் செத்தாலும் போதும் என்று தோன்றியது ஆல்டனுக்கு.

"அந்தம்மா இருந்திருந்தா சமமாகியிருக்கும், நாம ஜெயிச்சிருப்போம்!" என்று ஃபிரேசர் பல்லைக் கடித்தார். "கடைசி நேரத்துல எங்கே தொலைஞ்சாங்க?"

"ஓடிப்போன புண்ணியவதிக்கு ஒரு ஆப்பிள் பை சுட்டு அனுப்பணும்டா," என்றார் மெர்ல்.

சேற்றுப் பாதையில் வண்டியை விரட்டிக்கொண்டு ஆல்டன் வீடு வந்து சேர்ந்தார். தொழுவத்தில் விளக்கு எரிந்தது. மாடுகள் நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. கடைசி மாட்டுக்குப் பக்கத்தில், லொரெட்டாவின் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, முதுகு காட்டி ஒருவர் குனிந்திருந்தார்.

"யாருங்க அது? உங்க புண்ணியத்துல ஒரே ஒரு ஓட்டுல ஜெயிச்சோம்!"

"நீங்க எடுத்தது தப்பான முடிவு. அடுத்த மார்ச்சுல மறுபடி கொண்டுவருவேன், இப்பவே சொல்லிட்டேன். ஆனா உன் மாட்டு மடி கனக்கற நேரம் பார்த்துத்தான் ஜெயிக்கணும்னா, அப்படி ஒரு ஜெயிப்பு எனக்கு வேண்டாம்டா ஆல்டன்," என்றபடி, முழங்கை வரை சாணியோடு நிமிர்ந்தார் நீதிபதி கான்ஸ்டன்ஸ்.