கை வைக்காத டெக்னீஷியன்

"நான் தொட மாட்டேன். நீங்களே மாட்டுங்கக்கா" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள் டெக்னீஷியன் பெண்.

கிளார்க் அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. புது பிரிண்டரை ஆபீஸின் ஆறு கம்ப்யூட்டர்களோடும் இணைக்கத்தான் இவளை வரவழைத்திருந்தார்கள். வந்தவள், இருபத்திரண்டு வருஷம் ஃபைல் பார்த்தவரை மேஜைக்கடியில் குனியச் சொல்கிறாளே!

"எனக்கு இதெல்லாம் வராதும்மா."

"ஒயரோட ஒரு முனை பிரிண்டர்ல, இன்னொண்ணு சுவத்துல இருக்கிற நெட்வொர்க் சாக்கெட்ல. 'டிக்'னு சத்தம் வரணும். அவ்வளவுதான்."

முட்டி வலியோடு குனிந்தார். 'டிக்' என்றது.

கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் தலையை நீட்டினார். "ஏம்மா, உன்னை வேலைக்குக் கூப்பிட்டோமா, வேடிக்கை பார்க்கக் கூப்பிட்டோமா?"

"வேலை நடந்துக்கிட்டுதான் இருக்கு சார்." அவள் எழுந்திருக்கக்கூட இல்லை.

என்ன திமிர் என்று கிளார்க் அம்மா பல்லைக் கடித்தார்.

கம்ப்யூட்டர் பிரிண்டரைக் கண்டுபிடிக்க வேண்டிய அட்ரஸ், அதன் சின்னத் திரையில் எண்களாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடித்தார். பிரிண்ட் கொடுத்தார்.

பிரிண்டர் வாயே திறக்கவில்லை. பின்னால் கேஷியர் களுக்கென்று சிரித்தார்.

"நீயே பாரேன்மா..." கீபோர்டை அவள் பக்கம் தள்ளினார்.

"தப்பு எங்கேன்னு உங்க கண்ணுக்கே தெரியும்க்கா. இன்னொரு தடவை பாருங்க."

பார்த்தார். 81 என்பதை 18 என்று அடித்திருந்தார்! திருத்தினார்.

பிரிண்டர் மெல்ல முனகியது. சுடச்சுட ஒரு காகிதம் வந்து விழுந்தது.

அடுத்த கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லாமலே போனார். நாலாவதில் டெக்னீஷியன் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆறாவது முடிந்தபோது கேஷியரே வந்து நின்றார்.

"அக்கா, என் லெட்டர் பாதிதான் வருது..."

"பேப்பர் சைஸ் தப்பு. தள்ளுங்க, நான் பார்க்கிறேன்."

சொன்ன பிறகுதான், சொன்னது தான்தானா என்று அவருக்கே ஆச்சரியம். முதலில் வந்த காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார், வீட்டில் பிள்ளைகளிடம் காட்ட.

டெக்னீஷியன் பெண் மேனேஜரிடம் ஒரு படிவத்தை நீட்டினாள். 'வேலையைச் செய்தவர்' என்ற இடத்தில் கிளார்க் அம்மாவின் பெயர். மேனேஜர் அதை இரண்டு தடவை படித்தார். கிளார்க் அம்மாவை ஒரு தடவை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

லிஃப்ட் வரை அவளை வழியனுப்பப் போன கிளார்க் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

"பத்து நிமிஷ வேலை. நீயே முடிச்சிருக்கலாம். ஒன்றரை மணி நேரம் என்னை ஏன்மா இந்தப் பாடு படுத்தினே?"

அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"காலையில உங்க மேனேஜர் போன்ல சொன்னார்க்கா. 'எங்க கிளார்க்குக்குக் கம்ப்யூட்டர்ல ஒண்ணும் தெரியாது, அடுத்த மாசம் அவங்களை நிறுத்திடப் போறேன். இதெல்லாம் தெரிஞ்ச ஆளு யாராவது இருந்தா பேர் எழுதிக் குடு'ன்னு."

லிஃப்ட் கதவு திறந்தது.

"எழுதிக் குடுத்துட்டேன்."