திறந்துகொண்ட ஃபோல்டர்

"பட்டாபி சார், எல்லாத்தையும் புது சர்வருக்கு காப்பி பண்ணினதுல பர்மிஷன் மாறிப்போச்சு. ரகசிய ஃபோல்டர்கூட எல்லாருக்கும் திறக்குது. பத்து நிமிஷத்துல பூட்டிடறேன், ப்ளீஸ், எதையும் பாக்காதீங்க," என்றாள் கம்ப்யூட்டர் பிரிவு ஜ்யோத்ஸ்னா.

பட்டாபி அதில் தன் பெயரிலிருந்த ஃபைலைத்தான் முதலில் திறந்தார். தனியாக இருக்கும் அப்பாவைக் கவனித்துக்கொள்ள வேண்டுமென்று சென்னைக்கு மாற்றல் கேட்டு மூன்று முறை எழுதியாகிவிட்டது. எவன் தடுத்தது?

உள்ளே ஸ்கேன் செய்த ஒரு கடிதம் இருந்தது. படித்து முடிப்பதற்குள் செல்போன் அடித்தது.

"ஏண்டா, இந்த வருஷமாவது டிரான்ஸ்ஃபர் கொடுப்பாளா? உங்க டைரக்டரை பகவான்தான் கேக்கணும்," என்றார் அப்பா.

"கேப்பார்ப்பா," என்றார் பட்டாபி.

திரையில் கடைசி வரி இருந்தது: 'எனக்கு யாருடைய கவனிப்பும் தேவையில்லை. என் மகனைத் தயவுசெய்து டெல்லியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.'