மிளகாய் நெடி

மலைமேல் பெர்ன்ஹில்லில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டில், குளிருக்குப் பயந்து சமையலறை ஜன்னலைத் திறப்பதே இல்லை. அதனால் அடுப்புப் புகையை இழுக்கும் மின்சாரச் சிம்னி வாங்கினோம். மாட்ட வந்த ஆறுக்குட்டி, கல்சுவரைத் துளைக்க அலுத்துக்கொண்டு, வெள்ளைக்காரர் காலத்துப் புகைக்கூண்டை அடைத்திருந்த செங்கல்லைப் பெயர்த்து, அதற்குள்ளேயே குழாயைச் செருகிவிட்டார்.

“வரமொளகா வறுத்துப் பாருங்கக்கா. துளி நெடி வராதுங்க,” என்றார்.

கருகும் வரை வறுத்தேன். எனக்கும் அவருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை.

சுவருக்குள் யாரோ இருமினார்கள்.

ஆறுக்குட்டி சிம்னியை அணைத்தார். இருமல் நிற்கவில்லை. மூச்சுத் திணறித் திணறி, மேலிருந்து கீழே இறங்கி வந்தது.

“ஏனுங்க, ஊட்டுல வேற ஆருங்க இருக்காங்க?”

“ஆருமில்லீங்க. மகளும் பள்ளிக்கூடம் போயிட்டாளுங்க,” என்றேன்.

அன்றைக்கே சிம்னியைக் கழற்றி, ஓட்டையில் செங்கல் வைத்துச் சிமெண்ட் பூசச் சொன்னேன். மிளகாய் வறுப்பதையும் விட்டுவிட்டேன்.

இன்று காலை மகளுக்குப் பால் காய்ச்சினேன். சுவருக்குள் யாரோ மெதுவாக மூச்சை இழுத்தார்கள். பாலின் ஆவி மேலே போகாமல், சிமெண்ட் பூசிய இடத்தை நோக்கி வளைந்து போனது.