கை வாசம்

“கையைக் காட்டுங்க. வாயையும் ஊதுங்க.”

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் பார்க்க, கலைமதி தன் கணவனின் கையை இழுத்து முகர்ந்து பார்த்தாள். குடிகாரன் போலிருக்கிறது என்று பெஞ்சில் இருந்த பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குணசேகரன் ஒருநாளும் குடித்ததில்லை. அவள் தேடியது பால் வாசம்.

ஒரு வயது நிரம்பாத விக்ரமுக்குப் பால் ஆகாது. துளி உள்ளே போனாலும் உடம்பு தடித்து மூச்சு முட்டும். அதைக் கேட்டதுமே கறவை மாடு இரண்டையும் விற்றுவிட்டுச் செங்கல் சூளைக்குப் போகிறான் குணசேகரன். வீட்டில் தயிர், நெய் எதுவும் கிடையாது. தாய்ப்பால் கொடுப்பதால் கலைமதியும் வரக்காப்பிதான் குடிக்கிறாள்.

அப்படியும் வாராவாரம் பிள்ளைக்கு உடம்பு தடித்தது. இனி அம்மன்தான் கதி என்று வெள்ளிக்கிழமை தவறாமல் அவனைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போய் அழுதாள்.

இன்றும் போய்விட்டு வந்து, வாசலில் நின்ற குணசேகரனிடம் பிள்ளையைக் கொடுத்தாள். அவன் கொஞ்சிக்கொண்டிருக்கும்போதே விக்ரமின் உதடு வீங்கியது. வல்லத்திராக்கோட்டையிலிருந்து டவுனுக்கு வருவதற்குள் உடம்பு நீலம் பாரித்துவிட்டது.

“கடையில டீ குடிச்சிட்டு வந்துதானே புள்ளைக்கு முத்தம் குடுத்தீங்க? நெசத்தைச் சொல்லுங்க.”

“சத்தியமா இல்ல கலை. நான் டீய விட்டு எம்புட்டு நாளாச்சு, ஒனக்குத் தெரியாதா?”

“அப்ப பால் வானத்துலேருந்தா வந்துச்சு? எம்புள்ளையக் கொன்னுட்டீங்களே!”

பாவம், அவனுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. உள்ளங்கையைக் கைலியில் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

கதவு திறந்தது. டாக்டரம்மா தயங்கித் தயங்கிப் பேசினார்.

“மிசின்லதான் மூச்சு ஓடுது. பொழைப்பான்னு சொல்ல முடியலம்மா. பால் உள்ள போயிருக்கு. வாய்க்குள்ள இது ஒட்டியிருந்துச்சு.”

பஞ்சின்மேல் நனைந்துபோன ஒரு ரோசாப்பூ இதழ்.

குணசேகரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கலைமதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லத் தன் வலது உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனாள்.

“அது பால் இல்லீங்களே டாக்டரம்மா... அம்மன் அபிஷேகப் பிரசாதமுல்ல?”