சேர்க்க வேண்டிய ஒரு வரி

“ஃபைல் திறக்குதுண்ணா. ஆனா ஒரு எழுத்துகூட அடிக்க விடமாட்டேங்குது.”

ஸ்வர்ணலதா நாற்காலியிலிருந்து எழுந்து இடம் கொடுத்தாள். கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் அருள்பிரகாஷ் உட்கார்ந்து திரையைப் பார்த்தான்.

கம்ப்யூட்டர் வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கூடவே வந்த ஆபீஸ் மென்பொருள் அறுபது நாள் மட்டும் சும்மா ஓடும். நேற்றோடு அறுபது முடிந்துவிட்டது. இனி காசு கொடுத்து வாங்கினால்தான் எழுதலாம். அதுவரை பார்க்க மட்டும் செய்யலாம்.

பார்ப்பதற்கும் அங்கே ஒன்றுமில்லை. திரை முழுக்கக் கொக்கியும் புள்ளியும் கேள்விக்குறியுமாகக் கிடந்தன. வேலூரில் கல்லூரி லேபில் தமிழில் அடித்து, பென் டிரைவில் எடுத்து வந்திருந்தாள். அந்தத் தமிழ் எழுத்துரு இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை.

“ஒரே ஒரு வரி சேர்க்கணும். அவ்ளோதான்” என்றாள். பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தத்தில் அதையே இன்னொரு முறை சொன்னாள்.

அவன் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்தான். மார்க்கர் பேனாவில் ‘ஆபீஸ்’ என்று கிறுக்கிய காப்பி. சேவூரிலும் ஆரணியிலும் அவன் கைபட்ட கம்ப்யூட்டர்களில் எல்லாம் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

“அது ஒரிஜினலா?”

“ஒரிஜினல் யாரும்மா வாங்கறாங்க? எல்லாருக்கும் இதான் போட்டுக்கினு இருக்கேன்.”

“வேணாண்ணா. இந்த வேலையில திருட்டுத்தனமா எதுவும் வேணாம்.”

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் சிடியை மறுபடி உறையில் போட்டான்.

பையின் அடியில் இன்னொன்று இருந்தது. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த ஓப்பன் ஆபீஸ் சிடி, அதே வேலையைச் செய்யும் மென்பொருள். இரண்டு வருடமாகச் சுமந்து திரிகிறான். இலவசம் என்று சொன்னதுமே ஜனங்களுக்கு முகம் மாறிவிடும். சும்மா கிடைப்பது எத்தனை நாளைக்கு வரும் என்பார்கள். ஒரு வீட்டில்கூட அதைப் போட விட்டதில்லை.

இவளும் கேட்டாள். “சும்மா எதுக்குண்ணா குடுக்கிறாங்க?”

“பல ஊர்ல இருக்கிறவங்க சேர்ந்து எழுதினதும்மா. யார் வேணாலும் வெச்சுக்கலாம். நாள் கணக்குலாம் கிடையாது.”

“ஒளிச்சு மறைச்சுப் போட வேணாம் இல்ல?”

“யார் கேட்டாலும் நெஞ்சை நிமித்திச் சொல்லலாம்.”

“அப்ப அதையே போடுங்க.”

மென்பொருள் ஏறிக்கொண்டிருந்தபோது அவளுடைய அம்மா காபி கொண்டுவந்தாள். திரைப் பக்கம் பார்க்காமலேயே டம்ளரை மேஜையில் வைத்தாள்.

“நீயும் இங்கயே நில்லும்மா” என்றாள் ஸ்வர்ணலதா.

அம்மா நிற்கவில்லை. உள்ளே போய் எதையோ கழுவத் தொடங்கினாள்.

அவன் தன்னிடமிருந்த பழைய தமிழ் எழுத்துருக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். நான்காவதில் கொக்கிகளெல்லாம் ஒரே நொடியில் தமிழாக மாறின. எல்லாவற்றுக்கும் மேலே தடித்த எழுத்தில் ‘வரன் தேவை’ என்றிருந்தது.

அருள்பிரகாஷ் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அப்பா இல்லாத வீடு என்று கேள்விப்பட்டிருந்தான். தன் கல்யாணத்துக்குத் தானே பயோடேட்டா அடிக்க வேண்டிய நிலைமை, பாவம் என்று நினைத்தான்.

“இப்ப அடிச்சுப் பாரும்மா.”

அவள் உட்கார்ந்து பக்கத்தின் கடைசிக்குப் போனாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். சரியாக விழுகிறதா என்று பார்க்க அவன் குனிய வேண்டியதாயிற்று.

‘குழந்தைகள்: ஒரு மகள். பெங்களூரில் வேலை. மகளுக்கு முழுச் சம்மதம்.’

அவன் கண் தானாக மேலே போயிற்று.

பெயர்: திலகவதி. வயது: 45. வேலை: சத்துணவு அமைப்பாளர்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

“திங்கக்கிழமை நான் வேலையில சேரணும்ணா” என்றாள் ஸ்வர்ணலதா, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். “அந்த வரி இல்லாம அனுப்பினா யாரும் நம்ப மாட்டாங்க. அம்மாவே நம்பல.”

அவன் மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் எழுத்து மாறாதபடி அந்தப் பக்கத்தைப் பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்தான். ஒரு முறை திறந்து, மூடி, மறுபடியும் திறந்து காட்டினான். ஆறிப்போன காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினான்.

வீட்டுக்கு வந்தபோது அவனுடைய அம்மா முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் எதிரில் உட்கார்ந்தான்.

“அம்மா, உனக்கு இன்னா வயசாவுது?”

“எதுக்குடா? ரேஷன் கார்டுக்கா?”

“இல்ல. சும்மாதான் கேக்கறேன்.”

அவள் ஒரு இணுக்கை உருவிவிட்டுச் சற்று யோசித்தாள்.

“உங்கப்பா தவறினப்ப இருபத்தாறு. நீ கைக்குழந்தை. அதுக்கப்புறம் நான் எங்க எண்ணினேன்?”

அருள்பிரகாஷுக்கு அந்த மாதம்தான் முப்பது முடிந்திருந்தது.