இடது மட்கார்டு

வீட்டுக் கார் ஷெட்டில் மாமனாரின் பழைய பியட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்த பெலிக்ஸ், இடது மட்கார்டின் பள்ளத்தை மட்டும் கடைசிவரை தொடாமல் வைத்திருந்தான். ஒரு காலத்தில் யாருக்கும் தெரியாமல் காரை எடுத்துப்போய்த் தூணில் இடித்தவன் அவன்தான். மறுநாள் பள்ளத்தைப் பார்த்த மாமனார், "எங்க இடிச்சேன்னே தெரியலையே, கண்ணு போயிருச்சு" என்று தானே முடிவுகட்டி, அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இவன் வாயில் கொழுக்கட்டையை வைத்தவன்போல இருந்துவிட்டான். இன்று பள்ளத்தை முடிந்தவரை தட்டி எடுத்து, மீதிப் பள்ளத்தைப் பட்டிப் பசையால் நிரப்பி, உப்புத்தாளால் வழவழவென்று தேய்த்துவிட்டு, சாவியை அவர் கையில் வைத்தான். "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க மாமா." பெரியவர் அந்த இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கண் கலங்கியது. "நான் செஞ்ச தப்ப இருந்த இடம் தெரியாமப் பண்ணிட்டீங்க மாப்ள. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். நீங்கதான் நிதானமா ஓட்டுறவரு." அவர் உள்ளே போனதும் பெலிக்ஸ் உப்புத்தாளை எடுத்து, தேய்க்க எதுவுமில்லாத அந்த இடத்தையே மறுபடி தேய்க்க ஆரம்பித்தான். "போதும், சாப்பிட வாங்க" என்று மனைவி கூப்பிட்ட பிறகும் தேய்த்தான். பட்டி மாவாக உதிர்ந்தது. பள்ளம் மெல்ல வெளியே வந்தது.