தண்டுத் திருடன்

மலேசியாவில் பகாவ் ஊருக்குப் பக்கத்தில் தனலெட்சுமி போட்டிருந்த டிராகன் பழத் தோட்டத்தில், மூன்று நாளாகத் தண்டுகள் வெட்டப்பட்டுக் காணாமல் போயின. அவள் சந்தேகம் முகுந்தன்மேல்தான். அடுத்த நிலத்தில் அதே பயிரை வைத்து, அவளுக்குப் போட்டியாக வந்தவன் அவன்.

நான்காம் நாள் விடியும்போதே பாராங் கத்தியோடு மறைந்து நின்றாள். அவனேதான் வந்தான். கொடியை வெட்டியதும் பாய்ந்து வழிமறித்தாள்.

“நட, போலீஸுக்குப் போவோம்.”

“போவலாம்க்கா. மொதல்ல இதப் பாருங்க.”

வெட்டிய தண்டு உள்ளே பழுப்பாக அழுகியிருந்தது.

“நோய்க்கா. வெட்டி எரிக்காம விட்டா தோட்டமே போயிரும்.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

செம்பனை மர வரிசைக்கு அப்பாலிருந்த தன் நிலத்துக்கு அழைத்துப் போனான். முந்நூறு கம்பங்களில் ஒன்றில்கூடக் கொடி இல்லை. தரையெங்கும் சாம்பல் கிடந்தது.

தனலெட்சுமியின் குரல் தணிந்தது. “இத என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே, முகுந்தா?”

“சொன்னா, ஒங்க மேல பழி போடுறேன்னு நெனப்பீங்க.”

“என் மேல என்ன பழி?”

அவன் தலைகுனிந்தான்.

“போன வருசம் ஒங்ககிட்ட வாங்கி நட்ட கன்னுலதான்க்கா, மொதல்ல இந்த நோயப் பாத்தேன்.”